டிரைவர் கதவில் சீயக்காய் வாசம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதற்கு மேல் கட்டியதுதான். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் ஓலைக் கொட்டகை போட்டேன். ஆடிக்காற்று தூக்கிக்கொண்டு போனது. தகரம் போட்டேன். அதையும் கொண்டுபோனது. அடுத்த தடவை இரும்பு ஆங்கிள் வாங்கி, நானே வெல்டிங் வைத்து நிறுத்தினேன். இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது. எரிந்துபோன வெல்டிங் டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்து பாட்டரி சார்ஜர் செய்தேன். சைக்கிள் பெடலை வைத்து ஆர்மெச்சர் சுற்றுகிற மெஷின் செய்தேன். கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது, கை தூக்கிவிட ஆள் கிடையாது, "இவன் என்னத்தக் கிழிச்சிருவான்" என்று சொல்ல மட்டும் ஊரே இருந்தது. இப்போது மாடி வைத்த வீடு இருக்கிறது. மகள் டீச்சராக இருக்கிறாள். சுடலைமுத்து என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டிலேயே வழி சொல்லுவார்கள்.

நம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் சங்கத்து மலருக்கு அனுபவம் எழுதித் தரச் சொன்னார்கள். நான் போனைப் பார்த்துப் பேசினேன், போன் எழுதிக்கொண்டது, மகள் திருத்தினாள். "அப்பா, பெருமையக் கொஞ்சம் குறைங்க" என்றாள். நடந்ததைச் சொல்வதற்குப் பெயர் பெருமை என்றால் நான் என்ன செய்ய முடியும்? தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிமார் படித்தால் போதும்.

தானே பூட்டிக்கொண்ட வண்டி

போன குற்றாலம் சீசனில் நடந்தது. சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலை, அச்சன்புதூர் சண்முகம் வந்தான். டாக்ஸி ஓட்டுகிறவன். நல்ல உழைப்பாளி, பார்ட்டிகளை அக்கா, அண்ணே என்று தாங்குவான். கோபம் மட்டும் அவனுக்கு முன்னால் நடந்து போகும். கூட அவன் சம்சாரம் கோமதியும் இறங்கினாள்.

"அண்ணாச்சி, வண்டிக்குப் பேய் புடிச்சிருக்கு."

"பேய்க்கு வயரிங் கிடையாதுலே. என்ன பண்ணுது, அதச் சொல்லு."

"ஐந்தருவில பார்ட்டியக் குளிக்க எறக்கி விட்டுட்டு நிக்கேன். சாவி உள்ள கெடக்கு. நான் டீ குடிக்கத் திரும்புதேன், டக்குனு நாலு கதவும் பூட்டிக்கிட்டு! குளிச்சிட்டு வந்தவுக ஈரத்தோட வெறைச்சிக்கிட்டு நிக்காக. மாத்துத் துணி பூரா வண்டிக்குள்ள. நான் பைக்க இரவல் வாங்கி அச்சன்புதூர் போயி மாத்துச் சாவி எடுத்துட்டு வாரேன். அந்தம்மா என்னப் பேசுன பேச்ச இங்கன சொல்ல முடியாது."

அதோடு, டிரைவர் பக்கத்துக் கண்ணாடி பாதி இறங்கினால் ஏறுவதில்லை. மற்றக் கண்ணாடிகளும் நினைத்தால் வேலை செய்யும், நினைத்தால் செய்யாது. வேறொரு கடையில் காட்டியிருக்கிறான். அங்கே டிரைவர் கதவின் லாக் ஆக்சுவேட்டரை, அதாவது பூட்டை இழுத்துத் தள்ளுகிற குட்டி மோட்டாரை, புதிதாக மாற்றியிருக்கிறார்கள். ரெண்டு நாள் ஒழுங்காக இருந்துவிட்டு மறுபடியும் பழைய கதை. திரும்பப் போனதற்கு, "இது வெள்ளத்துல முங்குன வண்டி மாதிரி தெரியுது, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஒரு வார்த்தைதான் குடும்பத்தில் தீ வைத்தது.

கோமதி கேட்ட வேலை

வண்டி சண்முகம் புதிதாக வாங்கியது இல்லை. கோமதியின் தம்பி பரமசிவன் புளியறையில் பரோட்டா கடை வைத்திருக்கிறான். அவன் மலைக்கு அந்தப் பக்கம் ஒருவரிடம் வாங்கி, கொஞ்ச காலம் ஓட்டி, அத்தானுக்குக் கொடுத்த வண்டி இது. சில வருஷத்துக்கு முன்னால் அங்கே வந்த பெருவெள்ளத்தில் முங்கின வண்டிகளைக் கழுவித் துடைத்து இந்தப் பக்கம் தள்ளிவிடுகிறார்கள் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. சண்முகம் போனைப் போட்டு மைத்துனனைக் கிழித்துவிட்டான். "அக்கா புருசன்னு தெரிஞ்சே முங்குன வண்டிய எந்தலையில கட்டிட்டியேலே" என்று கேட்டிருக்கிறான். அவன் பதிலுக்குப் பேச, இவன், "காதுகுத்துக்கு நீ வர வேண்டாம், ஒம்மடி எம்பிள்ளைக்கு வேண்டாம்" என்று முடித்துவிட்டான்.

இதெல்லாம் சண்முகம் டீ வாங்கப் போன நேரத்தில் கோமதி சொன்னது.

"வர்ற வெள்ளிக்கிழம இலஞ்சியில பிள்ளைக்குக் காது குத்துதோம் அண்ணாச்சி. தாய்மாமன் மடியில வச்சித்தான குத்தணும்? இருக்கது ஒரே தம்பி. வேற யார் மடியில கொண்டு வைக்க? நீங்க இது முங்கல, நல்ல வண்டிதான்னு மட்டும் சொல்லிருங்க. நீங்க சொன்னா இவுக கேப்பாக."

நான் சொன்னால் கேட்பான் என்பது சரிதான். அதனால்தான் சும்மா சொல்ல முடியாது.

"எம்மா, முங்கலன்னா முங்கலம்பேன். முங்கியிருந்தா முங்குனதும்பேன். மீட்டரு காட்டுதத மாத்திச் சொல்லிப் பழக்கம் இல்ல. இன்னைக்கு ஒனக்காவ மாத்திச் சொன்னா, நாளைக்கு எவன் எங்கிட்ட வண்டி கொண்டு வருவான்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சாரலைத் துடைத்தாளோ எதைத் துடைத்தாளோ.

நான் பரமசிவனுக்கு போன் போட்டேன். "ஒன்மேல பழி விழுந்திருக்கு. இங்கன நின்னு கண்ணால பாரு, வா" என்றேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போன் போட்டது நான்.

கதவுக்குள் தண்ணீர்

முதலில் ஃபியூஸ் பார்த்தேன், நன்றாக இருந்தது. ரிலே பார்த்தேன், அதுவும் சரி. இந்த மாதிரி வண்டியில் டிரைவர் கதவுதான் தலைவன். அது பூட்டச் சொன்னால் மற்ற மூன்றும் பூட்டிக்கொள்ளும். எல்லாக் கண்ணாடிக்கும் மெயின் சுவிட்சு அங்கேதான் இருக்கிறது. அதனால் கோளாறு அந்தக் கதவில்தான் என்று முடிவு செய்து, கதவைச் சாத்தினேன்.

சளக் என்றது.

இளநீர்க் காயை ஆட்டின சத்தம். கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் பரமசிவனும் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான், முழங்கை வரை மைதா மாவோடு.

சண்முகம் குதித்தான். "கேட்டியளா அண்ணாச்சி! வெள்ளத் தண்ணி இன்னும் உள்ள கெடக்கு! ஏலே பரமசிவா, இதுக்கு என்னலே சொல்லுத?"

"அத்தான், அந்த வெள்ளம் வடிஞ்சி எத்தன வருசமாச்சி! அந்தத் தண்ணி இன்னுமா கதவுக்குள்ள கெடக்கும்? நான் இத ஓட்டும்போது ஒரு சத்தமும் கெடையாது."

"மனுசனையே ஏமாத்துதவன், கதவ ஏமாத்த மாட்டியா?"

கோமதி என்னைப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போயிருந்தது. எனக்கும் ஒரு நிமிஷம் சங்கடமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

கதவின் உள் பேடை, அதாவது உட்பக்கத்தை மூடியிருக்கிற அட்டையை, கழற்றினேன். உள்ளே ஆக்சுவேட்டருக்குப் போகிற கப்ளர், அதாவது வயர்கள் சேருகிற பிளாஸ்டிக் இணைப்பு, தண்ணீரில் முங்கிக் கிடந்தது. பித்தளைப் பின்னெல்லாம் பச்சை பூத்திருந்தது. தண்ணீர் வழியே கரண்டு கசிந்து, யாரோ 'பூட்டு' என்று சொன்ன மாதிரி வண்டி நினைத்துக்கொள்கிறது. பேய் பிடிபட்டது. ஆனால் என் வேலை பேயைப் பிடிப்பதோடு முடியவில்லையே. தண்ணீர் எங்கிருந்து வந்தது?

கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று சின்னச் சின்ன ஓட்டை இருக்கும். சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டுக் குத்தினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. அழுத்திக் குத்தினதும் கரேலென்று களி மாதிரி ஒன்று வந்து, பின்னாலேயே தண்ணீர் பீய்ச்சியது. அந்தக் களியை விரலில் எடுத்துத் தேய்த்தேன். மணல் நெருநெருப்பு இல்லை, வழுவழு என்றிருந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தேன்.

சீயக்காய்.

"சம்முவம், இங்கன வா. மோந்து பாரு."

மோந்தான்.

"என்ன வாசம்?"

"எண்ணெயும் சீயக்காயும் மாதிரி..."

"வெள்ளம் என்ன, எண்ணெ தேச்சிக் குளிச்சிட்டா வந்துது?"

துண்டு

நான் அதோடு விடவில்லை. எதிர்ப்பக்கத்துக் கதவின் பேடையும் கழற்றிக் காட்டினேன். உள்ளே கம்பெனியில் ஒட்டின தாள் கூட அப்படியே இருந்தது. காய்ந்த தூசி. மிதியடிக்கு அடியில் கார்ப்பெட்டைத் தூக்கினேன். சீட் போல்ட்டில் துரு இல்லை, வண்டல் இல்லை. வெள்ளம் வந்தால் ஒரு கதவுக்குள் மட்டும் வந்துவிட்டுப் போகாது.

"சரி அண்ணாச்சி, அப்பம் இந்த எண்ணெயும் சீயக்காயும் கதவுக்குள்ள எப்பிடிப் போச்சி?" என்றான் சண்முகம். கேட்டுக்கொண்டே, சாரலுக்குத் தலையில் போட்டிருந்த துண்டை எடுத்துப் பிழிந்தான். பிழிந்து, உதறி, திறந்து கிடந்த டிரைவர் கதவு மேல் போட்டான்.

"யாரும் பேசாதிய. அந்தத் துண்டப் பாருங்க," என்றேன் நான்.

நாலு பேரும் பார்த்தோம். துண்டின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டி, கண்ணாடியில் வழிந்து, கண்ணாடிக்கும் ரப்பர் பீடிங்குக்கும் நடுவில் ஓடி உள்ளே போனது. பேட் கழற்றியிருந்ததால், அது உள்ளே விழுவதும் தெரிந்தது.

"பார்ட்டிக துண்ட எங்கலே காயப்போடுவ?"

சண்முகம் மெதுவாகச் சொன்னான். "இதுலதான் அண்ணாச்சி. ஐந்தருவில செவரோரமா நிப்பாட்டுவேன், எம்பக்கத்துக் கதவுதான் அகலமாத் தொறக்கும். குளிச்சிட்டு வாரவுக ஈரத் துண்டோட சீட்ல ஏறிருவாகன்னு நானே வாங்கிப் பிழிஞ்சி இதுல போடுவேன். சீசன் பூராம்..."

பாருங்கள், அவன் செய்தது நல்ல காரியம். பார்ட்டிக்கு உபகாரம், சீட்டுக்குப் பாதுகாப்பு. ஆனால் எண்ணெய்க் குளியல் போட்டவர்களின் துண்டில் எண்ணெயும் சீயக்காயும் இருக்கும். எண்ணெய் பட்டுப் பட்டு ரப்பர் உப்பித் தளர்ந்துவிட்டது. தூள் இறங்கி வடிகால் ஓட்டையை அடைத்துவிட்டது. அதன்பிறகு சாரல் தண்ணீரும் வடிய வழியில்லை.

பரமசிவன் முதலில் சிரிக்கவில்லை. துண்டை எடுத்து நாலாக மடித்து அத்தான் கையில் கொடுத்தான். "இந்தாங்க. நான் முங்குன வண்டி குடுக்கல. நீங்கதான் தெனமும் அதக் குளிப்பாட்டியிருக்கிய," என்றான். கோமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்த பிறகுதான் அவனும் சிரித்தான்.

சண்முகம் மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். டயரை ஒரு உதை உதைத்தான். பிறகு, "வெள்ளிக்கிழம வெரசா வந்திரு. இந்த மாவோட வராத, பிள்ள புதுச் சட்ட போட்டிருப்பான்," என்றான்.

"சட்டையே நாந்தான அத்தான் எடுத்து வச்சிருக்கேன்," என்றான் பரமசிவன்.

வேலை, மரியாதை

பிறகு செய்தது சாதாரண வேலை. பச்சை பூத்த வயரை நல்ல செம்பு தெரிகிற வரைக்கும் வெட்டி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு மூடினேன். கப்ளரை மாற்றி மேலே தூக்கிக் கட்டினேன். வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்துக் கொண்டுபோனால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், கப்ளருக்கு ஏறாது. மெயின் சுவிட்சைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். புது பீடிங் போட்டேன். ஒரு குடம் தண்ணீரைக் கண்ணாடி மேல் ஊற்றினேன். எல்லாம் அடியில் வடிந்தது. பூட்டு ஒரு தடவை கூட டக் என்று சொல்லவில்லை. சண்முகத்திடம் ஒரு நைலான் கயிறு கொடுத்து, அதை மரத்தில் கட்டி இனிமேல் துண்டைக் காயப்போடச் சொன்னேன்.

தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான். கெட்டுப்போன சாமானை மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது ஏன் கெட்டது என்று பாருங்கள். வண்டிக்காரன் வண்டியை என்ன செய்கிறான் என்று, வாயைக் கேட்காமல் கையைக் கவனியுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். முங்கின வண்டி என்று வாய்க்கு வந்ததைச் சொன்னால் எவன் வீட்டிலோ பிள்ளைக்குக் காது குத்த மடி இல்லாமல் போகும்.

வெள்ளிக்கிழமை நானும் இலஞ்சிக்குப் போனேன். பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்து, கடைத்தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி அலறினான். மாமன் கண்ணும் கலங்கியிருந்தது. எனக்கு மனசு நிறைந்துபோனது. என் கை வேலையில் நான் கேட்ட நல்ல சத்தங்களில் அந்த அலறலும் ஒன்று.

அப்போது சண்முகத்தின் பெரியப்பா எழுந்தார். போலீசில் ஏட்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். "ரெண்டு பயலுவளும் முட்டிக்கிட்டு நின்னானுவ. நான் ஒரு போன் போட்டேன், அடங்கிட்டானுவ," என்றார். கூட்டம் தலையாட்டியது. சரிகை போட்ட ஒரு துண்டை எடுத்துவந்து அவருக்குப் போர்த்தினார்கள். சண்முகம் என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். பெரியப்பாவை எதிர்த்துப் பேச முடியாது, அது எனக்கும் தெரியும். பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஆனால் அச்சடித்து வருகிற இந்த மலரில் நான் சொல்லிவிடுகிறேன். போன் போட்டது நான். கதவைத் திறந்தது நான். அந்தக் குடும்பத்தைச் சேர்த்து வைத்தது சுடலைமுத்து. பெரியப்பா இதைப் படித்தால் அந்தச் சரிகைத் துண்டை என் கடைக்குக் கொடுத்தனுப்பட்டும். சண்முகத்தின் வண்டியிலேயே அனுப்பலாம். ஈரமாக இருந்தால் மட்டும் கதவில் போட்டுக் கொண்டுவர வேண்டாம்.