கை டாக்டர் தேடிய ஜாஃபர் மச்சான்

ஜாஃபர் மச்சான் ஊசி வாங்குவதென்றாலும் நாலு பேரிடம் விசாரிக்காமல் வாங்கமாட்டார். சிங்கப்பூர் தேக்காவில் பயணப்பெட்டி விற்கிறார். அதைப் 'பெட்டிக்கடை' என்று சொன்னால் மட்டும் கோபம் வரும். என் லாத்தா ஃபர்சானாவைக் கட்டிய பாவத்துக்கு, அவள் தம்பியான என்னையும் நாகூரிலிருந்து வரவழைத்துக் கடையில் வைத்திருக்கிறார்.

லாத்தா தலைப்பிரசவத்துக்கு நாகூர் வந்திருந்தபோது யும்னா பிறந்தாள். வலக்கையில் கட்டைவிரல் இல்லை. நாலே விரல். அங்கே பார்த்த டாக்டர், "வளரட்டும், பார்க்கலாம்" என்று முடித்துக்கொண்டார். யும்னா என்றால் அரபியில் வலது என்றும் பரக்கத்து, அதாவது இறையருள் என்றும் பொருள். பிறக்கும் முன்பே முடிவான பெயர். மாற்றிவிடலாமா என்று யாரோ கேட்டதற்கு லாத்தா முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சு அடங்கிப்போனது.

பத்து மாதப் பிள்ளையோடு செங்காங் வீட்டுக்குத் திரும்பிய மறுநாளே லாத்தா அரசு பாலிகிளினிக் போனாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கினாள். கைக்கென்றே இருக்கும் அறுவை டாக்டரிடம் ஆறு வாரத்தில் நாள் கிடைத்தது. வேலை முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

"ஆறு வாரம் சும்மா இருக்குறதா? நல்ல டாக்டரா விசாரிப்போம் லா" என்று மச்சான் கிளம்பிவிட்டார்.

காய்கறிக் கடையில் போய், "நல்ல கை டாக்டர் யாரு?" என்று கேட்டார். கேட்டவர்கள் காதில் அது 'கைராசி டாக்டர்' என்று விழுந்தது. கைராசிக்காரர்களுக்குத் தேக்காவில் பஞ்சமா? ஒரு பல் டாக்டர், ஒரு தோல் டாக்டர், சுகப்பிரசவத்துக்குப் பெயர்போன ஓர் அம்மா என்று மூன்று முகவரி சேர்ந்தது. பல் டாக்டரிடம் நேரிலேயே போனவர், வாயைத் திற என்றதும் திறந்திருக்கிறார். ஒரு சொத்தைப்பல் போனதுதான் மிச்சம்.

அடுத்த வாரம் பூக்கடை சிவகாமசுந்தரி அக்காவிடம் கேட்டார். "கை பார்க்குறவரா? பின்னாடி சந்துல இருக்காரு, போங்க பாய்" என்றார் அக்கா. உட்கார்ந்த பிறகுதான் அவர் கைரேகை பார்ப்பவர் என்று மச்சானுக்குத் தெரிந்தது. "அஸ்தஃபிருல்லாஹ்" என்று பாவமன்னிப்புக் கேட்டபடி எழுந்தவர், வாய் சும்மா இருக்காமல் போனில் இருந்த யும்னாவின் கைப் படத்தையும் காட்டிவிட்டார்.

"பொம்பளப் புள்ளைக்கு இடக்கைதான் பார்க்கணும் பாய். இந்தக் கை வேணாம்" என்றாராம் அவர்.

கடைக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்த மச்சான் பாதிச் சிரிப்பில் நிறுத்தினார். "இந்தக் கை வேணாம்னுட்டாரு மாப்புள" என்றார். நான் ஒரு பெட்டியை எடுத்துத் துடைத்தேன்.

ஆறு வாரம் முடிந்தது. பை தூக்க நானும் போனேன். டாக்டர் சீனப் பெண்மணி, அதிகம் பேசாதவர். யும்னாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கேன் ஷி பின்ச்?" என்றார்.

கிள்ளுவாளா என்று கேட்டதாக நினைத்து மச்சான் பதறிவிட்டார். "நோ, நோ டாக்டர்! மை டாட்டர் வெரி குட் கேர்ள் லா. நெவர் பின்ச் எனிபடி!"

லாத்தா அவர் காலை மிதித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. ஓர் உலர்திராட்சையை மேசையில் வைத்து, யும்னாவின் இடக்கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டார். பிள்ளை வலக்கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே அதை இடுக்கப் பார்த்தாள். நழுவியது. மறுபடியும் நழுவியது. மூன்றாம் தடவை குனிந்து வாயாலேயே கவ்விக்கொண்டாள்.

நாங்கள் மூவரும் சிரித்தோம். உடனே மச்சானின் முகம் மாறியது. என் பிள்ளை மற்ற பிள்ளைகள் மாதிரி கிள்ளமாட்டாள், பிடுங்கமாட்டாள் என்று தேக்கா முழுக்கப் பெருமையடித்தவர் அவர். அவளால் முடியாது என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

டாக்டர் படம் வரைந்து காட்டினார். ஆள்காட்டி விரலைத் திருப்பி, இடம் மாற்றிக் கட்டைவிரலாக வைக்கலாம். ஐந்தாவது விரல் வராது. நாலு நாலுதான். ஆனால் பிடிமானம் வரும்.

ரயிலில் மச்சான் தன் ஆள்காட்டி விரலையே மடக்கி மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு, "அது கலிமா விரல் ஃபர்சானா. தொழுகையில நீட்டுற விரல். அதைப் போய் எடுக்கலாமா? யாரையாவது கேட்டுட்டு..." என்று இழுத்தார்.

"கேட்டது போதும்" என்றாள் லாத்தா. "கலிமா சொல்றது நாக்கு. சோறு எடுக்கத்தான் விரல் வேணும். எம்புள்ள குனிஞ்சு வாயால எடுத்தத நீங்க பார்த்தீங்கல்ல?"

யாரையும் விசாரிக்காமல் மச்சான் போட்ட முதல் கையெழுத்து, அந்த அறுவைக்குப் போட்டதுதான்.

யும்னாவுக்கு ஒன்றேகால் வயதில் அறுவை நடந்தது. கட்டுப் பிரித்ததும் பயிற்சி. விரல் இருந்தால் மட்டும் போதாது, அது கட்டைவிரல் என்று மூளைக்குத் தெரிய வேண்டுமாம். துணிமாட்டும் கிளிப், பஞ்சு, பட்டாணி என்று தினமும் வைத்துப் பழக்கினார்கள். யும்னா எல்லாவற்றையும் இடக்கையால் எடுத்துத் தூர எறிந்தாள். வாரக்கணக்கில் இதே கதை. மச்சான் இளைத்துப்போனார். தப்பு செய்துவிட்டோமோ என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார்.

ஒரு சனிக்கிழமை, கடையில் கூட்டம். மச்சான் யும்னாவை மடியில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். தன்னைக் கவனிக்காத கோபம் அவளுக்கு. திடீரென்று மச்சான், "அல்லா!" என்று அலறினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

யும்னாவின் வலக்கை அவர் முழங்கைக்குக் கீழே இருந்தது. புதுக் கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் அவர் தோல் நன்றாக மாட்டியிருந்தது. விட்டபோது சிவப்பாக ஓர் அடையாளம்.

"கிள்ளிட்டா மாப்புள" என்றார் மச்சான். வாடிக்கையாளர் பிள்ளையைக் கண்டிக்க வாயெடுத்தார்.

"சும்மா இருங்க லா" என்று அவரை அடக்கிவிட்டு, சட்டையின் மறுகையையும் மேலே சுருட்டி மகளிடம் நீட்டினார்.