எல்க் வேட்டைக்குக் கிளம்பும் பானு

மௌலாலி குன்றின் படிகளில் பானு ஏறிக்கொண்டிருக்கிறார். முதுகுப்பையில் இருபது கிலோ அரிசி. தர்காவுக்கு வந்த பெரியவர் ஒருவர், "ஏதாவது வேண்டுதலா அம்மா?" என்று உருதுவில் கேட்டார். "நக்கோ பாய், வேண்டுதல் இல்ல. வேட்டை" என்றார் பானு, மூச்சிரைக்க. பெரியவர் ஒதுங்கி வழிவிட்டார்.

பானுவுக்கு ஐம்பது வயது. லாலாகுடா ரயில்வே பட்டறை அலுவலகத்தில் வேலை. இளமையில் வில்வித்தை வாங்கிக்கொடுத்த வேலை அது. கல்யாணத்துக்குப் பிறகு வில்லைத் தொடவில்லை. இப்போது புது வில் வாங்கியிருக்கிறார். செப்டம்பரில் அமெரிக்காவின் கொலராடோ மலைகளில், தம்பி நந்தகுமாரோடு எல்க் வேட்டை; சுமையோடு படியேறுவது அதற்குத்தான். எல்க் என்பது குதிரை உயரம் நிற்கும் மான். அங்கே அதற்கு உரிமம் தருகிறார்கள். பானுவுக்குக் குலுக்கலில் விழுந்துவிட்டது. வழிகாட்டி ஒருவரை அமர்த்தலாம் என்றான் தம்பி. "அவன் மானைக் காட்டி, அவன் விடுன்னு சொல்லி நான் விடறதுக்கு, நான் எதுக்குடா?" என்று மறுத்துவிட்டார்.

கணவர் சந்திரமோகனுக்கு மனசில்லை. "வாயில்லா ஜீவன், பாவம்டி."

"ஞாயித்துக்கிழமையானா குழம்புல கெடக்குதே, அது மட்டும் பேசுமா? ஒரு வாட்டி நான் திங்கிறதை நானே கொல்றேன். அந்தப் பாரம் என்னான்னு தெரியட்டும்."

வீட்டுப் பக்கத்து மைதானத்தின் மூலையில், பழைய புடவைகள் திணித்த சாக்குகள்தான் இலக்கு. அவற்றின்மேல், மகள் ஹர்ஷிதா ஃபிரிட்ஜ் அட்டையில் வரைந்த எல்க். முன்னங்காலுக்குப் பின்னே, நுரையீரல் இருக்குமிடத்தில், சாப்பாட்டுத் தட்டளவு வட்டம். பானு நின்று நிதானித்து எய்வதில்லை. மைதானத்தை ஓடிச் சுற்றிவந்து, நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதே மண்டியிட்டு நாணை இழுப்பார். "நான் மூச்சு வாங்கற வரைக்கும் மான் நிக்குமா?"

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு கணவரும் மகளும் பார்க்க வந்திருந்தார்கள். முப்பது மீட்டரில் அம்புகள் வரிசையாக வட்டத்துக்குள் இறங்கின. கடைசி அம்பு மட்டும் வயிற்றில் பாய்ந்தது.

"ஒக்கட்டே கதா அம்மா, ஒண்ணுதானே, லீவ் இட்!" என்றாள் ஹர்ஷிதா.

"அங்க போய் நான் விடப்போறதே ஒண்ணுதான். அது இதுவா இருந்தா? வயித்துல அம்போட அது எங்கியோ போய்க் கெடந்து சாவும்."

பானு பத்து மீட்டர் முன்னே போய், இருபது மீட்டரில் செருப்பால் கோடு கிழித்தார். மறுபடி ஓடினார், மண்டியிட்டார், எய்தார். எல்லாம் உள்ளே. இன்னொரு சுற்று, அதுவும் உள்ளே. கிரிக்கெட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தவர்களிடம், யாரும் கேட்காமலே, "என் வொய்ஃப்" என்றார் சந்திரமோகன்.

வில்லில் குறிபார்க்க, இருபது மீட்டருக்கு ஒன்று, முப்பதுக்கு ஒன்று என்று சின்ன ஊசிகள் உண்டு. பானு புல்லில் உட்கார்ந்து வில்லை மடியில் கிடத்தினார். முப்பது மீட்டர் ஊசியைத் திருகித் திருகிக் கழற்றி, கணவரின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை மூடிவிட்டார்.