தாலி கட்டியிருந்த விதவை

“விதவைன்னு மனு குடுத்துட்டுக் கழுத்துல தாலியோட ஒக்காந்திருக்கு. கவர்மெண்டையே ஏமாத்திருச்சு கெழவி. நோட்டீசை எடுத்துக்கிட்டுக் கெளம்புய்யா” என்றார் எங்கள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர்.

ஆதரவற்ற முதியோருக்குப் பென்ஷன் வந்த புதிது. நான் எட்டாவது படித்துவிட்டு ஆலங்குடிப் பக்கம் பியூனாக இருந்தேன். மாதாமாதம் மணியார்டரில் இருபது ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த அழகம்மாள் என்ற கிழவியை இன்ஸ்பெக்டர் தணிக்கைக்குப் போனபோது பார்த்திருக்கிறார். வாங்கியது முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஜப்தி என்று உத்தரவு.

போனோம். ஓலைக் குடிசை, வாசலில் ஒரு வெள்ளாடு. அதன் பாலை டீக்கடைக்கு ஊற்றித்தான் மிச்சப் பிழைப்பு. ஊரில் வரி வசூலித்து, மனு எழுதி மேலே அனுப்பும் கிராம முன்சீப்பும் குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“ஒம் புருசன் இருக்காரா, இல்லையா?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“சப்பான்காரன் சண்டைக்கு முந்தி ரங்கூனுக்குப் போனாக. பெறகு கடுதாசி இல்ல. செத்துட்டாகன்னு யாரும் வந்து சொல்லலையே. சொல்லாம நான் எப்படி அறுக்கிறது?”

எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கப்பலேறிப் போனவருக்குச் சாவுச் செய்தி வராமல், கருமாதி நடக்காமல், எந்தப் பெண்ணும் தாலியைக் கழற்ற மாட்டாள். முன்சீப்புக்குத் தெரியாதா? ‘புருஷன் தகவல் இல்லை’ என்று எழுதினால் மேலே ஆயிரம் கேள்வி வரும். அவரே ‘விதவை’ என்று எழுதி, கிழவியிடம் கைநாட்டு வாங்கியிருக்கிறார்.

“மனுவுல என்ன எழுதுச்சுன்னு எனக்கென்ன தெரியும்? மொத மாசப் பணத்தக்கூட முன்சீப்பு ஐயாதான வாங்கிக்கிட்டாக” என்றாள் அழகம்மாள், சாதாரணமாக.

“கெழவிக்குப் புத்தி பெசகிப்போச்சு சார்” என்று முன்சீப் சிரித்தார். இன்ஸ்பெக்டரும் சிரித்தார்.

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. அதை அறுத்துட்டு வந்து நில்லு. பென்ஷன் தொடரட்டும்னு எழுதிடறேன்” என்றார் இன்ஸ்பெக்டர்.

கிழவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். “இருவது ரூவாக்கு அவுகளைச் சாகடிக்கச் சொல்றீகளா?”

“ஜப்திக்கு அந்த ஆட்டை அவுருய்யா” என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் திரும்பினார்.

நான் நகரவில்லை. “மொத மாசப் பணத்துக்கு யார் வீட்டுல சார் ஜப்தி?” என்று கேட்டுவிட்டேன்.

“பியூன் வேலையை மட்டும் பாரு.”

அதற்குள் அழகம்மாள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் கிழங்கு. தங்கத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

“இதை எடுத்துக்கங்க. ஆடு போனா நான் எதைத் திங்கிறது? அவுக வந்தா வேற செஞ்சு போடுவாக.”

ஜப்தியில் தாலியைத் தொடக்கூடாது என்பது சட்டம். சொன்னேன். “இது ஜப்தி இல்லய்யா, அதுவா குடுக்குது” என்று இன்ஸ்பெக்டர் வாங்கி முன்சீப்பிடமே கொடுத்து விற்றுவரச் சொன்னார். முன்சீப் தின்ற முதல் மாதப் பணமும் அந்தத் தங்கத்தில்தான் அடைந்தது. ‘முழுத் தொகையும் வசூல்’ என்று ரிப்போர்ட் போயிற்று. முன்சீப் முன்சீப்பாகவே இருந்தார்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் அம்மன் கோயிலுக்குப் போனேன். ஆத்தா கழுத்தில் தாலி மின்னியது. கண்கொண்டு பார்க்க முடியாமல் விளக்கு வைக்கும் முன்னே வெளியே வந்துவிட்டேன்.

பின்னாளில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிக் கிளார்க் ஆனதும், கடல் கடந்து போனவர்களின் பெண்டாட்டிகள் மனுவில் ‘தகவல் இல்லை’ என்றுதான் எழுதினேன். மேலிருந்து திரும்பி வரும். மறுபடியும் அதையே எழுதி அனுப்புவேன்.

இன்று அந்த நாற்காலிகளில் உட்காரும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பொய் மனு என்று யார் மேலாவது ஆத்திரம் வந்தால், கைநாட்டு வைத்தவர் வீட்டுக்குப் போகுமுன் அதை எழுதியவர் வீட்டுக்குப் போங்கள். அழகம்மாளிடம் பொய் இல்லை. மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு சுமங்கலியாகவே போய்ச் சேர்ந்தாள்.