செய்தவர் யாரென்று தெரியவில்லை

ஒரு மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே அது எந்தச் செட்டில் இருந்தது, எவ்வளவு காலம் உழைத்தது, உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். படித்தவர்கள் மீட்டர் வைத்துப் பார்ப்பதை நான் காதை வைத்துப் பார்த்தேன். அந்தக் காதை நம்பித்தான் பழங்காநத்தத்தில் டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடை போட்டேன். பிறகு கப்பலூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் பட்டறை வைத்தேன், மாடி வீடு கட்டினேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பெருமைக்காகவும்தான்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருக்கும். சித்திரைத் திருவிழா முடிந்தும் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்த சமயம். பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிற டீச்சர், கைக்கு அடக்கமான டேப் ரெக்கார்டர் ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். கல்லூரியில் இருப்பவரை டீச்சர் என்று சொல்லக் கூடாதாம். எனக்கு அந்த வார்த்தைதான் வரும், அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

"செட்டு போனாப் போகட்டும்ண்ணே. உள்ள சிக்கியிருக்கிற கேசட்ட மட்டும் காப்பாத்திக் குடுங்க. நாலு நாள் அலைஞ்சு பதிஞ்சது."

நாடா உருளையில் சுற்றி, இடியாப்பம் போலக் கிடந்தது. இழுத்தால் அறுந்துவிடும். பொறுமையாகப் பிரித்தெடுத்து, பென்சிலைச் செருகிச் சுற்றி, வேறு செட்டில் போட்டு ஓட்டிக் காட்டினேன். ஒரு பெண் குரல் வந்தது. பச்சை குத்துகிறவள். தேளுக்கு எத்தனை கால் வைப்பாள், கிளிக்கு மூக்கை எந்தப் பக்கம் திருப்புவாள் என்று சொல்லிக்கொண்டே போனாள். அந்தப் பேச்சுக்கு அடியில் ர்ர்ர் என்று ஒரு சத்தம்.

பொத்தானை அமுக்கி நிறுத்தினேன்.

"டீச்சர், இந்தச் சத்தம் என் மிஷினு."

அவர் சிரித்தார். பச்சை குத்தும் வழக்கத்தின் வரலாற்றைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் ஊர் ஊராகப் போய், யார் யார் கையில் என்ன படம், அதைக் குத்தியது எந்த ஊசி, மை எதில் காய்ச்சியது என்று கேட்டுப் பதிந்து வருகிறார். அடுத்த மாதம் கல்லூரியில் கண்காட்சி. மூன்று ஊசியை நூலால் சேர்த்துக் கட்டிக் குத்திய காலம்வரை எல்லாம் தெளிவாகக் கிடைத்துவிட்டது. மிஷின் வந்த கதைதான் பிடிபடவில்லை. செய்தவர் யாரென்று தெரியவில்லை, வடக்கிலிருந்து வந்திருக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்.

"வடக்கேயிருந்தா? பழங்காநத்தத்துக்கு வடக்க பஸ் ஸ்டாண்டுதான் இருக்கு டீச்சர். அங்க யாரும் மிஷின் செய்யல."

அவரிடம் நடந்ததைச் சொன்னேன். தொண்ணூறுகளின் நடுவில், அதே பச்சை குத்துகிற பெண் என் கடைக்கு வந்தாள். கையாலேயே குத்திக் குத்தி மணிக்கட்டு வீங்கிப் போயிருந்தது. ஏதோ ஒரு சந்தையில் ஒருவன் பேட்டரி வைத்துக் குத்துவதைப் பார்த்திருக்கிறாள். அவன் கிட்டேயே சேர்க்கவில்லையாம். "தையல் மிஷின் மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்கண்ணே" என்றாள். பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து மோட்டாரைக் கழற்றினேன். அதன் தண்டில் ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டி, பொத்தானின் ஓரத் துளையில் ஊசியை மாட்டினேன். மோட்டார் சுற்றினால் ஊசி மேலும் கீழும் போகும். பேனாக் குழாய்க்குள் ஊசி, பிடிப்பதற்கு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். இதைப் போன்ற மிஷின் உலகத்தில் ஏற்கெனவே இருந்தது என்று டீச்சர் சொன்னார். இருக்கட்டும். பழங்காநத்தத்தில் இல்லை.

அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். எத்தனை செய்து கொடுத்தேன் என்று எண்ணவில்லை. சுவரெல்லாம் எய்ட்ஸ் பற்றி எழுதிப் போட்ட காலத்தில், ஒருவருக்குக் குத்திய ஊசி தனக்கு வேண்டாம் என்று ஜனங்கள் பயந்தார்கள். ஆளுக்கொரு ஊசியைச் சட்டென்று மாற்றிக்கொள்ள ஹேர் கிளிப்பை வெட்டி ஒரு பிடி வைத்துக் கொடுத்தவனும் நான்தான்.

"நீங்க சொல்றத நான் நம்புறேன்ண்ணே. ஆனா எழுதணும்னா ஆதாரம் வேணும்."

"ஆதாரம்தான? நான் கைவச்ச எந்தச் சாமானா இருந்தாலும் உள்பக்கம் மார்க்கர் பேனாவால என் பேர எழுதித்தான் மூடுவேன். முதல் மிஷின் இன்னும் அவகிட்டத்தான் ஓடுது. பிரிச்சா என் பேரு இருக்கும். வாங்க."

மறுநாள் சாயங்காலம் டீச்சரோடு பொருட்காட்சி வாசலுக்குப் போனோம். என் மனைவியும் வந்தாள். மிளகாய் பஜ்ஜிக்காக வருவதாகச் சொன்னாள். பச்சை குத்துகிற பெண் ஒரு பெரிய குடையின் கீழ் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட படப் பலகை. எதிரே வாலிபப் பையன்கள் வரிசையில் நின்றார்கள்.

"தங்கச்சி, அந்த மிஷினக் கொஞ்சம் பிரிச்சுப் பாக்கணும்."

"யாவார நேரத்துலயா? நல்லா இருக்கேண்ணே நீங்க கேக்குறது!"

"நான் செஞ்சது. நானே பூட்டித் தாரேன்."

"அம்புட்டு நம்பிக்கையா? அப்ப முதல்ல கைய நீட்டுங்க. மதுரையில பாதிப் பேரு கையில உங்க மிஷினு ஓடியிருக்கு. உங்க கை மட்டும் வெறுங்கையா இருக்கு. செஞ்ச அன்னைக்கு மதினிதான் கைய நீட்டுச்சு. நீங்க டீ வாங்கப் போயிட்டீக."

உண்மைதான். அந்த மிஷின் முதன்முதலில் ஓடியது என் மனைவியின் முழங்கையில். சின்னதாக ஒரு பூ. இப்போதும் இருக்கிறது.

"அவுக நீட்டமாட்டாக தாயி," என்றாள் என் மனைவி, பஜ்ஜியை ஊதிக்கொண்டே. "காய்ச்சலுக்கு ஊசின்னாலே ஆஸ்பத்திரி வாசலோட திரும்புற ஆளு."

வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். போதாக்குறைக்கு டீச்சர், நான் சரிசெய்து கொடுத்த டேப் ரெக்கார்டரைப் பதிய விட்டு மடியில் வைத்திருந்தார். வரலாற்றில் இடம்பிடிக்கப் போகிறவன் இதற்குப் பின்வாங்க முடியுமா? சட்டைக் கையை மடக்கி விட்டேன்.

"சிங்கம் போடு. வாயத் தொறந்த சிங்கமா இருக்கட்டும்."

அவள் புது ஊசி மாட்டினாள். மோட்டார் ர்ர்ர் என்றது. அடடா, இத்தனை வருஷம் கழித்தும் என்ன ஒரு சுத்தமான ஓட்டம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஊசி இறங்கியது. அதற்கப்புறம் நடந்ததை நான் வேறு மாதிரி நினைவு வைத்திருந்தேன். லேசாக முனகினேன் என்றுதான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

"அட, பாருங்கப்பா! மிஷினு செஞ்சவரே இந்தக் கத்து கத்துறாரு!" என்று அவள் ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்.

"மாப்ள, நாம கெளம்பிருவோமா?" என்றான் வரிசையில் ஒருவன்.

மூன்று புள்ளியோடு போதும் என்றேன். அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மிஷினைத் துடைத்து என் கையில் கொடுத்தாள். சுற்றியிருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தேன். டீச்சர் டார்ச் அடித்தார். மோட்டாரின் முதுகில், நான் எழுதிய இடத்தில், மையும் எண்ணெயும் ஊறிப்போய் ஓர் எழுத்துகூட இல்லை. விரலால் தேய்த்தேன். வேட்டி நுனியால் தேய்த்தேன். தகரம்தான் பளபளத்தது.

"அண்ணே, கைப்பிடியில ஏதோ வெட்டியிருக்கு," என்றார் டீச்சர்.

கைப்பிடி ஓர் எவர்சில்வர் கரண்டியின் காம்பு. நான் முதலில் அலுமினியப் பட்டையில் செய்து பார்த்தது இரண்டு தடவை வளைந்துவிட்டது. மூன்றாவது தடவை, "இந்தாங்க, இது வளையாது" என்று என் மனைவி அடுப்படியிலிருந்து எடுத்துக் கொடுத்த கரண்டி. நான் மறந்தே போயிருந்தேன். அவள் கல்யாணத்துக்கு வந்த சீர்ப் பாத்திரத்தில் ஒன்று. பாத்திரக் கடையில் ஒவ்வொன்றிலும் பேர் வெட்டித்தான் கொடுப்பார்கள். டார்ச் வெளிச்சத்தில் அவள் அப்பாவின் முதல் எழுத்தும் அவள் பெயரும், நேற்று வெட்டியது போல இருந்தன.

அவள் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். முந்தானையால் அந்த எழுத்தைத் துடைத்தாள்.

"எங்கப்பா கடையில நின்னு வெட்டி வாங்குனது," என்றாள். "எழுத்துக்கு எம்புட்டுன்னு பேரம் பேசி, இன்ஷியல் இல்லாம வாங்கமாட்டேன்னு நின்னாரு."

அவள் அப்பா மூட்டை தூக்கியவர். அவர் கொடுத்த பாத்திரங்களை ஒரு கூடையில் அடக்கிவிடலாம்.

"மதினி, கரண்டியத் திருப்பிக் கேட்டுறாதீக," என்றாள் பச்சை குத்துகிற பெண். "என் பொழப்பே அதுலதான் நிக்கிது."

கண்காட்சிக்கு மட்டும் அந்த மிஷினை இரவல் தர ஒப்புக்கொண்டாள். பதிலுக்கு நான் புதிதாக ஒன்று செய்து கொடுத்தேன். அது கழுதை மாதிரி இழுக்கிறது என்று தினமும் போனில் திட்டினாள்.

திரும்பும்போது டீச்சரிடம் கேட்டேன். "அப்ப என் பேரு வராதா?"

"கண்ணுல பாத்ததத்தான் அட்டையில எழுதுவேன்ண்ணே. மதினி பேரு வரும். நீங்க செஞ்சீங்கன்றதுக்கும் நல்ல சாட்சி கேசட்ல இருக்கு. அதைக் கண்காட்சியில போடுறேன்."

சாட்சி என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புது வேட்டி கட்டி, பட்டறைப் பையன்கள் அத்தனை பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் என் மிஷின். பக்கத்தில் அட்டை. கைப்பிடியில் உள்ள பெயர் என்று போட்டு என் மனைவியின் பெயர், இன்ஷியலோடு. மிஷின் செய்தவரைப் பற்றி அறிய ஒலிப்பதிவைக் கேட்கவும் என்று அதற்குக் கீழே. மாணவர்கள் கூடி நின்றார்கள். டீச்சர் பொத்தானை அமுக்கினார்.

ர்ர்ர் என்று மோட்டார். அதற்குப் பிறகு ஒரு ஆம்பளைக் குரல், "அய்யோ, அம்மா, விட்டுரு தாயி" என்று.

"அட, பாருங்கப்பா! மிஷினு செஞ்சவரே இந்தக் கத்து கத்துறாரு!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. பட்டறைப் பையன்கள் என்னைப் பார்ப்பதா தரையைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றார்கள். நழுவிப் போயிருக்கலாம். எனக்கும் கதவுக்கும் நடுவில் யாரும் இல்லை. ஆனால் அந்த நாடாவில் அவள் சொன்னதை இன்னொரு தரம் கேட்கத் தோன்றியது. மிஷின் செய்தவரே. எவ்வளவு சுத்தமாகப் பதிந்திருக்கிறது!

கையைத் தூக்கினேன். "அது நான்தான்," என்றேன். முன்னால் போய்ச் சட்டைக் கையை மடக்கி மூன்று புள்ளியையும் காட்டினேன்.

ஒரு மாணவி குனிந்து பார்த்தாள். "என்ன படம்ய்யா இது?"

"சிங்கம்."

"சிங்கம் எங்க இருக்கு?"

"மூக்கு வந்திருச்சு. மத்தது பொறவு வரும்."

கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மூடிய முந்தானைக்குக் கீழே அவள் முழங்கையில் பூ தெரிந்தது. டீச்சர் மறுபடி போட்டுக் காட்டக் கேசட்டை முதலுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார்.