இடிதாங்கியின் அக்கா

அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. தொழில், பல் செட் செய்வது. பல் டாக்டர்கள் வாயில் எடுத்த அச்சைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, கடைசியில் பாலிஷ் மெஷினில் தேய்த்து மினுக்கி அனுப்ப வேண்டும். பதினெட்டு வருடமாக இதே ஸ்டூல், இதே ஜன்னல், மூக்கில் இதே வெள்ளைத் தூள். ஊரில் எத்தனையோ பேர் அவள் நட்ட பல்லால்தான் மென்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது. செட் சரியாக இருந்தால் பாராட்டு டாக்டருக்குப் போகும். உறுத்தினால் மட்டும் ஒரு சீட்டோடு அவளிடம் திரும்பி வரும்.

இப்படிப்பட்டவளை விண்வெளிச் சண்டைக்குக் கூட்டிப்போனவன் அவள் தம்பி. அவன் வேறு ஊரில், குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறவன். போனில் பேசினால் இரண்டு பேருக்கும் "சாப்பிட்டியா"வைத் தாண்டி மூன்றாவது வாக்கியம் வராது. அதனால் ஒரு நாள் அவனே சொன்னான்.

"அக்கா, ஒரு கேம் இருக்கு. அஞ்சு பேர் ஒரு டீம். நீயும் வா. பேசிக்கிட்டே விளையாடலாம்."

"எனக்குச் சுடத் தெரியாதுடா."

"நீ சுடவே வேணாம். ரிப்பேர் கப்பல் எடுத்துக்கோ. அதுல துப்பாக்கியே கிடையாது. அடி வாங்குனவனுக்கு ஒட்டுப் போடணும், அவ்ளோதான்."

பொதுவாக அந்தக் கப்பலை யாரும் சீந்த மாட்டார்கள். எல்லாருக்கும் சுட வேண்டும், வெடிக்க வைக்க வேண்டும், நான்தான் முடித்தேன் என்று மார் தட்ட வேண்டும். ரிப்பேர் கப்பலை யார் தலையிலாவது கட்டிவிட்டுத்தான் ஆட்டத்தையே தொடங்குவார்கள். அக்கா மட்டும் அதை ஆசையாக எடுத்துக்கொண்டாள். திரையின் இடது ஓரத்தில் தன் ஆட்கள் ஐந்து பேரின் பெயர். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பச்சைக் கோடு. அடி விழ விழக் கோடு குறையும். பெயரைத் தொட்டால் இரண்டு நொடியில் 'லாக்' என்கிற பிடி விழும். பிறகு அவள் கப்பலிலிருந்து ஒரு நீலக் கதிர் போய் அந்தக் கோட்டை மறுபடி ஏற்றும். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். எதிரிக் கப்பலையும் பிடிக்கலாம், ஆனால் கதிர் அதன்மேல் பாயாது. இதுதான் மொத்த வித்தை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மயிரிழை பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் கோடுகள் ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை.

ஆறே மாதத்தில் அவள் பெயர் 'பஞ்சர் அக்கா' என்று பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, படுக்கையறை மூலையில் கணினி முன் அவள் உட்காரும்போது, வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்தபடி, "கடையத் திறந்தாச்சா?" என்று கேட்பார். ஆட்டத்தில் தம்பியின் பெயர் இடிதாங்கி. எல்லாருக்கும் முன்னால் போய் எல்லா அடியையும் தன் மேல் வாங்கிக்கொள்கிற கனமான கப்பல் அவனுடையது. அவன் பாய்வதற்கு முன்பே அக்காவின் கதிர் அவன் மேல் இருக்கும். எப்படி என்று மற்றவர்கள் கேட்டால், "அவன் மூச்சு விடுறதுலயே தெரியும்" என்பாள். உண்மையும் அதுதான். காதில் ஹெட்போன் இருக்கிறதே.

அவர்கள் அணிக்குத் தலைவரை எல்லாரும் கேப்டன் என்றே கூப்பிட்டார்கள். பகலில் மாட்டு மருந்து விற்கிற பிரதிநிதி; பேச்சில் கெட்டிக்காரர். அணியில் யாருக்காவது ஒன்று சரியில்லை என்றால் முகத்தில் அடித்தாற்போல் சொல்ல மாட்டார், தேனில் குழைத்துத்தான் கொடுப்பார். அக்காவை அவர் கொண்டாடினார். "பஞ்சர் அக்கா இல்லன்னா நாம இல்ல" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார். சிரித்து மழுப்பினாலும், அதைக் கேட்பதற்காகவே அவள் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தாள். பதினெட்டு வருடத்தில் வேறு யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

அப்போதுதான் போட்டித் தொடரில் அந்தக் காலிறுதி வந்தது.

தம்பி முன்னால் போயிருந்தான். அவன் கோடு பாதிக்கு இறங்கியிருந்தது. அக்காவின் கதிர் அவன் மேல். அதே நேரம் பின்னால் நின்ற கேப்டனை மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, இங்க" என்றார் கேப்டன். இன்னொரு முறையும் சொன்னார். தம்பிக்கும் அது கேட்டது.

"எனக்கு வேணாம்க்கா. கேப்டனப் பாரு."

அவன் வேண்டாம் என்று சொன்னதுதான் வினையானது. சின்ன வயதிலிருந்தே அவன் 'வேணாம்' என்றால் வேண்டும் என்றுதான் பொருள். காய்ச்சலில் உடம்பு கொதிக்கும்போதும் போர்வை வேண்டாம் என்பான். காலில் முள் குத்தியிருந்தாலும் ஒன்றுமில்லை என்பான். அவன் 'வேணாம்' என்ற ஒவ்வொரு முறையும் அதைக் காதில் வாங்காமல் செய்துதான் அக்கா அவனை வளர்த்தாள். அன்றைக்கும் வாங்கவில்லை. கதிர் அவன் மேலேயே நின்றது. அவன் கோடு முழுதாக நிரம்பிய பிறகும் மூன்று நொடி அங்கேயே நின்றது. கேப்டன் கப்பல் வெடித்தது. அதோடு ஆட்டமும் போனது.

ஆட்டம் முடிந்து ஐந்து பேரும் ஹெட்போனிலேயே பேச உட்கார்ந்தார்கள். தப்பு யாருடையது என்று அங்கே தெரியாதவர் ஒருவரும் இல்லை. கேப்டனுக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் அவருக்கு இன்னொன்றும் தெரியும். முன்னால் நின்று அடி வாங்க ஆள் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். நல்ல ரிப்பேர் கப்பல் கிடைக்காது.

"யாரையும் குறை சொல்றதுக்காக இல்ல" என்று தொடங்கினார். இப்படித் தொடங்குகிறவர்கள் யாருக்கோ குழி தோண்டிவிட்டுத்தான் வந்திருப்பார்கள். "இடிதாங்கி ரொம்ப முன்னால போயிட்டாப்ல. அதுல அக்காவும் அந்தப் பக்கம் இழுபட்டுட்டாங்க. அடுத்த சீசனுக்கு அந்த எடத்துக்கு வேற ஒருத்தரப் பாக்கலாமான்னு ஒரு யோசனை."

இல்லை, அவன் மேல் தப்பில்லை, அவன் சொன்னான், நான்தான் கேட்கவில்லை என்று சொல்ல அக்காவுக்கு ஒரு மூச்சுப் போதும். அவள் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி தன்னைப் பற்றி வரும் என்பது மனதில் பட்டது. வேறு யாராவது பேசிவிடட்டும் என்று பார்த்தாள். மற்ற இருவரும் அதையேதான் பார்த்தார்கள் போலிருக்கிறது.

"சரி கேப்டன்" என்றான் தம்பி. அவன் பெயர் பட்டியலிலிருந்து போனது.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம். சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் என்று ஒன்று செய்திருக்கலாம். பேச்சு பழையபடி "சாப்பிட்டியா"வுக்குத் திரும்பியது, பிறகு அதுவும் மாதம் ஒரு முறை என்று ஆனது. சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தடவை போனை எடுத்தாள். முதல் தடவை அவன் வீட்டுக் குழாய் உடைந்த கதை வந்தது. இரண்டாம் தடவை அவளுடைய பாலிஷ் மெஷின் கதை. மூன்றாம் தடவை அவன், "என்னக்கா, எதாவது விசேஷமா?" என்று கேட்டான். "ஒண்ணுமில்லடா, சும்மாதான்" என்று மென்று விழுங்கிவிட்டாள்.

தம்பியின் இடத்துக்கு ஒரு மழலைப் பள்ளி டீச்சர் வந்தார். வாரம் முழுக்க வகுப்பில் அடக்கி வைத்த குரலையெல்லாம் ஞாயிறன்று நம் காதில் இறக்கி வைக்கிறார் என்று கேப்டன் கிண்டல் செய்வார். நல்ல மனுஷி, நல்ல ஆட்டம். தனக்கு வேண்டும் என்றால் வேண்டும் என்பார், போதும் என்றால் போதும் என்பார். அந்த வருடம் சிறந்த ரிப்பேர் கப்பல் என்று அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தங்கச் சின்னம் ஒட்டினார்கள். பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கூசியது. எடுத்துவிடவும் வழியில்லை.

போன ஞாயிறு எதிரணிப் பட்டியல் திரையில் வந்தபோது அதில் மூன்றாவது பெயர், இடிதாங்கி.

தம்பி வேறு அணியில் சேர்ந்ததே அவளுக்குத் தெரியாது. அது அவள் மனதைக் குத்தியது. ஆட்டம் தொடங்கியது. எதிரணியின் பேச்சு இவர்களுக்குக் கேட்காது. கப்பல்களும், திரையின் வலது ஓரத்தில் அவர்கள் பெயர்களும் சிவப்புக் கோடுகளும்தான் தெரியும். அவன் பழைய மாதிரியே முன்னால் வந்தான். ஒரு பெண் பெயரில் இருந்த அவர்களுடைய ரிப்பேர் கப்பல் ஏனோதானோ என்று பின்னால் மிதந்துகொண்டிருந்தது. அவன் கோடு முக்காலுக்கு இறங்கியபோதே பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. பாதிக்கு இறங்கியபோதும் பிடிக்கவில்லை. "என்ன பண்றா அவ, தூங்குறாளா?" என்று அக்கா வாய்க்குள் திட்டினாள். எதிரி தோற்பதற்குக் கோபப்பட்ட ஒரே ஆள் அன்றைக்கு அவளாகத்தான் இருக்கும்.

கோடு கால்வாசிக்கு வந்தது. டீச்சர் கர்ஜித்தார். அக்காவின் கை தன்னால் திரையின் வலது பக்கம் போய் இடிதாங்கி என்ற பெயரைத் தொட்டுப் பிடித்தது, கதிரையும் அழுத்தியது.

'எதிரிக் கப்பல், உதவி செய்ய இயலாது' என்று எழுத்து வந்தது.

அவள் இன்னொரு தடவை அழுத்தினாள். அப்போதுதான் என்ன செய்கிறோம் என்பதே உறைத்தது. அதற்குள் அவன் கப்பல் வெடித்துச் சிதறியது. இவர்கள் அணி ஜெயித்தது. "பஞ்சர் அக்கா இல்லன்னா நாம இல்ல" என்றார் கேப்டன். அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அழுதாள். கட்டிலிலிருந்து வீட்டுக்காரர் எழுந்து வந்து, "தோத்துட்டீங்களா?" என்று கேட்டார். ஜெயித்துவிட்டோம் என்று அவள் சொன்னதும், அந்த மனிதர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் மதியம் பல் செட் செய்கிற கூடத்தில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் மேல் வரிசைப் பல் செட் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தம்பி. பதினான்கு மாதத்தில் அவனாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மெஷினை நிறுத்தினாள்.

"அக்கா, நேத்து என்னை லாக் பண்ணுனியா?"

"கை தவறிடுச்சுடா."

அவன் சிரித்தான். "ரெண்டு தடவ கை தவறுமா? யார் பிடிச்சாலும் எங்க பக்கம் எச்சரிக்கை வரும்க்கா. உன் பேரு வந்துச்சு. உன்கிட்ட துப்பாக்கியும் இல்ல. நான் அப்படியே பாத்துக்கிட்டே இருந்துட்டேன், வெடிச்சதுகூடத் தெரியல."

"உங்க ரிப்பேர்காரி ஒண்ணுத்துக்கும் ஆக மாட்டாடா" என்றாள்.

"தெரியும்" என்றான். பின்னால் கிடங்கின் கதவு உருளும் சத்தம் கேட்டது. "ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன். அன்னைக்குக் கேப்டன் பேசுனப்ப உன் மைக் வேலை செய்யலதானே? செஞ்சிருந்தா நீ பேசியிருப்ப. நான் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன். நேத்து நீ லாக் பண்ணதப் பாத்ததும் அது சரின்னு ஆயிடுச்சு."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவனே வழியைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறான். பதினான்கு மாதமாக அவன் அவளுக்காக ஒரு சாக்கை யோசித்து, அதை நம்பிக்கொண்டும் இருந்திருக்கிறான். அதை நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

"மைக் நல்லாத்தான் இருந்துச்சுடா."

கையிலிருந்த பல் செட்டைக் கீழே வைத்தாள்.

"தப்பு என்னோடது. நீ வேணாம்னு சொன்ன, நான் கேக்கல. அங்க அதச் சொன்னா என்னை எடுத்துடுவாங்களோன்னு பயந்துட்டேன். அந்த ஒரு எடத்துலதான் என்னை ஒரு ஆளா மதிச்சாங்க. விட மனசு வரல."

"ம்" என்றான். யாரோ அவனைத் தூரத்திலிருந்து கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று அவன் குரல் கொடுத்தான்.

"நீ சொல்லியிருந்தாலும் நான்தான் வெளிய போயிருப்பேன்க்கா" என்றான். "உன்னைப் போக விட்டிருக்க மாட்டேன். சிரிச்சுக்கிட்டே போயிருப்பேன்."

அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி வந்து நிக்குது. லோடு ஏத்தணும். வெச்சிடறேன்" என்றான். சாப்பிட்டியா என்று கேட்காமலேயே வைத்துவிட்டான்.