கனகவல்லி நடத்திய ஒத்திகை

கனகவல்லி கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினத்துக் கடற்கரைத் தெருவில் வாழ்ந்தவள். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். வர மறுப்பவர்களைக் கெஞ்சியும் திட்டியும் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப் போவது அவள் இருந்த மீட்புக் குழுவின் வேலை. அப்படி ஒரு புயலில் தெருவையே ஓட்டிப் போனவள், சொந்தப் புருஷன் விஷயத்தில் கோட்டை விட்டாள். "பூட்டினேனான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று பாதி வழியில் திரும்பிய தண்டபாணி, விடிந்த பிறகுதான் சேறும் சகதியுமாக வந்து சேர்ந்தார். அதற்காக அவரை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு தண்டபாணிக்கு வெளிமாநிலத்தில், பாலாநகர் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. திருமுல்கேரியில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில் குடியேறினார்கள். கடல் இல்லை, சரி. தீ இல்லையா? காஸ் சிலிண்டர் இல்லையா? மழை பெய்தால் தெரு ஏரியாவதில்லையா? குடியிருப்போர் சங்கத்தை நச்சரித்து, மாதம் ஒரு ஒத்திகைக்குச் சம்மதம் வாங்கிவிட்டாள். அவள் சாப்பாட்டுத் தட்டைத் தட்டும் சத்தம் கேட்டதும் வாசல் வேப்பமரத்தடிக்கு வந்துவிட வேண்டும். வந்தவர் எதற்காகவும் திரும்பிப் போகக்கூடாது.

முதல் தடவை தட்டைத் தட்டியதும் சனம் அடித்துப் பிடித்து இறங்கியது, இடுப்பில் குடத்தோடு. தண்ணீர் லாரி வந்துவிட்டதாம்! அடுத்த மாதம் பாதிப் படி இறங்கும்போது யாரோ தும்மித் தொலைத்தார். சகுனம் சரியில்லையென்று அத்தனை பேரும் வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாக வந்தார்கள்.

"நீங்க தண்ணி குடிச்சிட்டு வர்ற வரைக்கும் நெருப்பு காத்துக்கிட்டு நிக்குமா?" என்று கனகவல்லி கத்தினாள்.

தாத்தா காலத்திலேயே ரயில்வே வேலைக்கு இங்கே வந்துவிட்ட குடும்பத்துக் காஞ்சனா, இந்த ஊர்ப் பேச்சு கலந்து, "ஹவ் அக்கா, ஆமா, கரெக்ட்தான். ஆனா தும்மல் தும்மல்தானே?" என்றாள்.

தண்டபாணியோ ஒரு தடவைகூட இறங்கவில்லை. பால்கனியில் டீ டம்ளரோடு நின்று, "கடலே இல்லாத ஊர்ல யாருக்குடி புயல் காட்டற?" என்பார். கீழே எல்லோரும் சிரிப்பார்கள். ஊரெல்லாம் தப்பித்து, இந்த மனுஷன் மட்டும் ஒருநாள் உள்ளே மாட்டிக்கொள்வார் என்ற பயம் அவளை அரித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வாசலில் தள்ளுவண்டிக்காரரிடம் கீரை வாங்கிக்கொண்டிருந்தாள். இரண்டாவது மாடியில் யார் வீட்டு இன்வெர்ட்டரோ படாரென்று வெடித்தது. படிக்கட்டில் கரும்புகை. வண்டிக்காரரின் தராசுத் தட்டைப் பிடுங்கி எடைக்கல்லால் அடி அடியென்று அடித்தாள். குடமும் இல்லை, சகுனமும் இல்லை. சனம் இருமிக்கொண்டே வந்து மரத்தடியில் நின்றது. வீடு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லா வீட்டுக்கும் பதில் குரல் வந்தது, அவள் வீட்டைத் தவிர.

கனகவல்லி படிக்கட்டைப் பார்த்து ஓடினாள். காஞ்சனா ஒரு கையையும் எதிர்வீட்டு ஸ்ரீஜா மறுகையையும் பிடித்துக்கொண்டார்கள்.

"நக்கோ அக்கா, வேண்டாம்! வந்தவங்க திரும்பிப் போகக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் காஞ்சனா.

"அது உங்களுக்குடி! விடுங்கடி என்னை, என் வீட்டுக்காரர் மேல இருக்காரு!"

திமிறினாள், திட்டினாள், காஞ்சனாவின் கையைக் கடித்தே விட்டாள். அப்போதும் பிடி தளரவில்லை. அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தாள்.

"கனகு..." என்று நிறுத்தியிருந்த ஒரு காருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. பாதி முகத்தில் ஷேவிங் நுரையும் இடுப்பில் லுங்கியுமாகத் தண்டபாணி எழுந்து நின்றார். கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார்.

"கூப்பிட்டேனே, காதுல விழலயா?" என்றாள் கனகவல்லி.

"இத்தனை நாள் கேலி பண்ணிட்டு, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உன் முன்னாடி வந்து நிக்கறது?"

அந்த நுரை மூஞ்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் எதிரிலும் கனகவல்லி ஓவென்று அழுதாள்.

தீயணைப்பு வண்டி போன பிறகு சங்கத் தலைவர் நாராயணசாமி வந்தார். "ஒருத்தர் பாக்கியில்லாம தேறிட்டாங்கம்மா!" என்றார் பெருமையாக.

காஞ்சனாவின் கையிலிருந்த பல் தடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த கனகவல்லி நிமிரவில்லை.

"நான் தேறலீங்க" என்றாள்.