மிச்சம் வந்த பந்து

"தங்கச்சி, பம்ப் கழட்டினா கை ஊத்தையாகும். நீர் ஸ்டோரில இருந்து லேபிள் ஒட்டும்."

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்கள் போர்மன் குணண்ணை எனக்குச் சொன்னது இது. திருகோணமலைத் துறைமுகப் பக்கம், மீன் பதனிடும் தொழிற்சாலை ஒன்று. கையை ஊத்தையாக்கத்தானே டிப்ளோமா படித்தேன்? அதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

போன கிழமை கழிவுநீர்க் குழி நிரம்பி வழியத் தொடங்கியது. காற்றழுத்தத்தில் ஓடும் டயப்ரம் பம்ப் 'டக் டக்' என்று ஓடுகிறது... தண்ணீர் மட்டும் பாதிதான் போகிறது. புதுப் பம்ப் வாங்க வேண்டும் என்று குணண்ணை தீர்ப்பே எழுதிவிட்டார்.

"நான் ஒருக்காப் பாக்கட்டா, சேர்?" என்று மனேஜரைக் கேட்டேன். கிண்ணியாக்காரர்; பேச்சில் சிக்கனம்.

"பாருங்க. பின்னேரத்துக்குள்ள ஓடாட்டி, நாளையில இருந்து ஸ்டோர்தான்."

சரி, மாட்டிக்கொண்டேன்!

பம்போடு வந்த புத்தகம் அலுமாரியில் இருந்தது. பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இலங்கைத்துறையில் அப்பா வலை இழுத்துப் படிப்பித்த பிள்ளை. எழுத்தைக் கண்டால் விடுவேனா? உறையைக் கிழித்தேன்.

உள்ளே போன தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுப்பது செக் வால்வு. பெரிய வித்தை ஒன்றுமில்லை – ஒரு வளையம், அதன்மேல் ஒரு பந்து. தண்ணீர் தள்ளினால் பந்து எழும்பும். திரும்பி வந்தால் வளையத்தில் உட்கார்ந்து வழியை அடைக்கும். இந்தப் பம்புக்கு மொத்தம் நான்கு பந்துகள்.

காற்றை அடைத்து, அழுத்தத்தை இறக்கிவிட்டுத் திறந்தேன். மேலே இரண்டு. கீழே... ஒன்று!

நாலாவது எங்கே? குழாய்க்குள் தேடினேன். குழிக்குள்ளும் தேடினேன் – அந்த மணத்தை உங்களுக்கு வர்ணிக்கப் போவதில்லை. கடைசியில் குணண்ணையிடம் கேட்கலாம் என்று அவருடைய அறைக்குப் போனேன்.

மேலே ஃபேன் சுற்றுகிறது. மேசையில் லீவுப் படிவங்கள். அவை பறக்காமல் இருக்க ஒரு சோடா மூடி, அதன்மேல் உள்ளங்கைக்குள் அடங்கும் தேசிக்காய் அளவில் ஒரு வெள்ளைப் பந்து.

"அண்ணை... இது எங்க எடுத்தனீங்கள்?"

"அதுவோ? போன முறை சேர்விஸ் செய்யேக்க ஒண்டு மிச்சம் வந்தது. கொம்பனிக்காரன் ஸ்பெயரா ஒண்டு கூடப் போட்டு அனுப்பியிருக்கிறான். வடிவா இருக்கு, என்ன?"

பந்தை எடுத்தேன். படிவங்கள் அறை முழுக்கப் பறந்தன.

"ஐயோ, என்ன பிள்ளை செய்யிறீர்!"

"பேப்பருக்கு ஸ்டேப்லரை வையுங்கோ அண்ணை. பம்புக்கு இதுதான் வேணும்."

வளையங்களைத் துடைத்து, நான்கு பந்துகளையும் வைத்து, நட்டுகளை இறுக்கிக் காற்றைத் திறந்தேன். மூன்று மணிக்குக் குழியின் அடி தெரிந்தது. மனேஜர் மூக்கைப் பொத்தியபடி எட்டிப் பார்த்தார்.

"நானும் அதைத்தான் சொல்ல இருந்தனான், சேர்" என்றார் குணண்ணை.

மனேஜர் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ஸ்டோருக்கு வேற ஆள் பாப்பம்" என்றார்.

குணண்ணையை மட்டும் பார்த்துச் சிரித்துப் பயனில்லை. மிக்ஸியைக் கழற்றிப் பூட்டியபின் ஒரு திருகாணி மிஞ்சினால் நாம் என்ன செய்கிறோம்? மிக்ஸி சுற்றுகிறதா? அப்போ அது மிச்சம்! எங்கே பூட்டுவது என்று தெரியாததெல்லாம் நமக்கு மிச்சம்தான். சிலவேளை ஆட்களும்.

இன்னொரு விஷயம். படகுகள் கட்டும் ஜெட்டியில் இதே மாதிரி இரண்டாவது பம்ப் ஒன்று நிற்கிறது. அதைக் கடைசியாகக் கழற்றிப் பூட்டியவர் யார் என்று இன்று காலை விசாரித்தேன். குணண்ணை தன் மேசை லாச்சியைத் துழாவத் தொடங்கினார்.

நான் ஜெட்டிப் பம்பின் முதல் நட்டைக் கழற்றிவிட்டேன்.